லயத்தை விட்டுப் பெயரும் குடும்பத்துக்கு எந்த இசை? ஒரு குறும்படத்தின் மாற்றிசை பற்றிய ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு மாற்றிசை, அதாவது இப்போதுள்ள பின்னணி இசைக்குப் பதிலாகப் புதிய இசை, அமைப்பது என்று முடிவாகிவிட்டது. அதை எந்த வழியில் அமைப்பது என்பதே இப்போது தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. கதை எளியது. தோட்டம் கைமாறியபின், லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மூன்று தலைமுறையாகக் குடியிருந்த குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்கிறது. இளமை முழுவதும் ரப்பர் மரம் சீவிய பாட்டி, லோரி வருவதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். படத்தில் இப்போதுள்ள இசை முதல் காட்சியிலேயே பியானோவும் வயலின் கூட்டமுமாகத் தொடங்கி, இறுதிப் பெயர்ப்பட்டியல் வரை நிற்காமல் அழுகிறது. பாட்டி விடியற்காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் காட்சியில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இசை அங்கேயே பார்வையாளரின் கண்ணீரைக் கேட்டுவிடுவதால், வீட்டைப் பூட்டும் காட்சி வரும்போது கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் மீதமிருப்பதில்லை. மாற்றிசை தேவைப்படுவதற்கு இதுவே காரணம். ஆகவே கீழ்வரும் வழிகளை எடைபோடும்போதும், இசை பாட்டிக்கு இடம்விடுகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் சில நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும். படத்தொகுப்பு இறுதியாகியிருக்க வேண்டும். அதன்பின் இரண்டு விநாடி வெட்டினாலும் அதுவரை எழுதிய இசை முழுவதும் இடம்பெயரும். உரையாடல், சுற்றொலி, இசை ஆகிய மூன்றும் தனித்தனித் தடங்களாகக் கைக்கு வர வேண்டும். மூன்றும் கலந்த ஒரே கோப்பு மட்டும் எஞ்சியிருந்தால், குரலையும் இசையையும் பிரித்துத்தரும் மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன என்றாலும், பழைய வயலின் ஓசை குரலுக்கு அடியில் கசிந்துகொண்டே இருக்கும். பாட்டியின் குரல் மிக மெல்லியது என்பதால் அந்தக் கசிவு இந்தப் படத்தில் நிச்சயம் கேட்கும். அத்துடன் இயக்குநரின் ஒப்புதல் எழுத்தில் இருப்பது நல்லது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்துக்கும் இசைக்கும் தனித்தனியே உரிமை அளிக்கிறது. ஆகவே பழைய இசையமைப்பாளரின் மெட்டில் ஓர் அடியைக்கூட மாற்றிசைக்குள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றைவிடக் கடினமான நிபந்தனை ஒன்று உண்டு. படக்குழுவினரின் காது பல மாதங்களாகப் பழைய இசைக்குப் பழகிவிட்டது. இந்தப் பழக்கம் எவ்வளவு வலிமையானது என்பதற்குத் திரையுலகில் பெரிய சான்று இருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் வெளியிட்ட விண்வெளிப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசை முறையாகப் பதிவும் செய்யப்பட்டது. ஆனால் படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வைத்துப் பார்த்த ரிச்சர்டு ஸ்ட்ராஸ், யோகான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசைத்துண்டுகளே கடைசியில் படத்தில் நிலைத்துவிட்டன. தம் இசை நீக்கப்பட்டதை நார்த் திரையிடலில்தான் அறிந்துகொண்டார். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், குழுவினர் அனைவரும் முதலில் படத்தை இசையே இல்லாமல், உரையாடலும் சுற்றொலியும் மட்டுமாகச் சில முறை பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது எந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்றுகிறதோ, அங்கு மட்டும் இசை வரட்டும். இந்தப் படத்தில் அத்தகைய இடங்கள் நான்குக்கு மேல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் வழி, ஏற்கெனவே உள்ள இசையை எடுத்துப் பொருத்துவது. பழைய தமிழ்த் திரைப்பாடல் ஒன்று வானொலியில் ஒலிப்பதாக வைக்கலாம் என்ற யோசனை குழுவில் வந்தது. மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையும் அதற்கு முன்பிருந்த வானொலி ஒலிபரப்பும் தோட்டத்து வீடுகளில் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த யோசனை இனிக்கவே செய்யும். ஆயினும் ஒரு பாடலுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒருவருடையவை, பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொருவருடையது. படத்தோடு இணைக்க இரு தரப்பிலும் அனுமதி வேண்டும். சிறிய குழுவுக்கு அது எட்டாத வேலை. இணையத்தில் படைப்புப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் இசையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உரிமங்களின்படி, ஓடும் படத்தோடு இசையைக் காலப்பொருத்தம் செய்து இணைப்பது தழுவலாகக் கருதப்படுகிறது. ஆகவே தழுவலுக்கு அனுமதி மறுக்கும் வகை உரிமம் கொண்ட இசையை, இசையமைப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டாலும், குறும்படத்தில் பயன்படுத்த முடியாது. உரிமச் சிக்கல் தீர்ந்தாலும், வேறு எதற்கோ எழுதப்பட்ட இசையைக் கொண்டுவந்து வைத்தால் இப்போதுள்ள குறை அப்படியே நீடிக்கும். இந்த வழியை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது, கணினியில் மாதிரி ஒலிகளைக் கொண்டு முழு இசையையும் அமைப்பது. இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. செலவு மிகக் குறைவு. ரீப்பர் போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை 60 நாள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு வாங்கினாலும் விலை தாங்கக்கூடியது. இயக்குநர் ஒரு காட்சியை நான்கு விநாடி முன்னே நகர்த்தச் சொன்னால் உடனே நகர்த்தலாம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் மாதிரி ஒலி என்பது ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிவு செய்து அடுக்கிவைத்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கமகமோ, மூச்சு வாங்கும் இடைவெளியோ, வில் திரும்பும்போது எழும் உராய்வோ அதில் இயல்பாக வராது. மேற்கத்திய வயலின் கூட்டத்தை அது ஓரளவு நம்பும்படி காட்டிவிடும். நாகசுரத்தைக் காட்ட முயன்றால், திருவிழாக்களில் அதைக் கேட்டே வளர்ந்த இந்த ஊர் மக்கள் முதல் பிடியிலேயே போலி என்று அறிவார்கள். கணினியை வரைவுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. எந்த இடத்தில் இசை நுழைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சுரத்தில் முடிகிறது என்பதை வரைந்து இயக்குநரின் ஒப்புதலைப் பெறுவதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

மூன்றாவது வழி உறுமி மேளம். இளைஞர்கள் பலரும் விரும்பியது இதைத்தான், காரணமும் தெளிவு. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்த இந்த வாத்தியம் மலேசியத் தோட்டங்களில் தனி வாழ்வு பெற்று, காவடிகளுக்கு முன் நடக்கும் இளைஞர் குழுக்களின் அடையாளமாகவே வளர்ந்திருக்கிறது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் நின்று கேட்டவர்களுக்கு அதன் வலிமையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அந்த வலிமையே இந்தப் படத்துக்குத் தடையாகிறது. முழு மேளமும் ஒலிக்கும்போது கேட்பவரின் மனம் காவடிக்கும் அருள் வந்து ஆடுவதற்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் தானாகச் சென்றுவிடும். மௌனமாகத் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டும் ஒரு பாட்டியின் மீது அதை வைத்தால், இசை ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் இழுக்கும். மேலும் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் இருக்கின்றன. மேளத்தின் கூர்மையான அடிகளும் அதே பகுதியில் விழுவதால், உரையாடல் உள்ள காட்சியில் ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தாழ்த்தியே ஆக வேண்டும்.

ஆயினும் உறுமியை முழுவதும் விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடை சிறுத்த அந்த இருமுக வாத்தியத்தில், ஒரு முகத்தின் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது எழும் ஏறி இறங்கும் முனகல், அடித்தாளம் எதுவும் இல்லாமல் தனியாகக் கேட்டால் வேறொரு வாத்தியமாகவே தோன்றும். மேளக்குழுவிலிருந்து ஒரே ஒருவரை அழைத்து, தேய்ப்பை மட்டும், மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். பாட்டி தகரப்பெட்டியிலிருந்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குச் சான்றிதழை எடுத்துப் பார்க்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எனக்குத் தென்படவில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே நிலத்தை வாங்கட்டும் என்ற நோக்கில் இவ்வூரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் வரலாறு இங்குள்ள முதியோர் பலருக்குத் தெரியும். அந்தக் காகிதத்தின் கனத்தை மெட்டு போட்டு விளக்க வேண்டிய அவசியமில்லை. அடியிலிருந்து எழுந்து அடங்கும் ஒரே ஒரு தேய்ப்பு போதும்.

நான்காவது வழியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன்: உள்ளூர்க் கலைஞர் ஒருவர் ராகத்தை அடிப்படையாகக் கொண்டு தனி வாத்தியம் வாசிப்பது. முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது நாகசுரம். அது திறந்தவெளிக்கென்று பிறந்த வாத்தியம். கோயில் வீதி முழுவதும் கேட்பதற்கான அதன் உரத்த ஓசையைச் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதியின்) இயல்பு காரணமாக மிகத் தாழ்த்தி வாசிப்பது எளிதன்று. ஆகவே வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு அது பொருந்தாது. லோரி தோட்டத்துக் கோயிலைக் கடந்து போகும் வெளிப்புறக் காட்சிக்கு, அதுவும் தொலைவிலிருந்து கேட்பதுபோல, பொருந்தும். வயலின் மெல்லிய உணர்வுகளுக்கு ஏற்றது. ஆனால் இப்போதுள்ள இசையின் நினைவை உடனே எழுப்பிவிடும் என்பதால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் அதைத் தவிர்க்கலாம்.

எஞ்சியிருப்பது ஆர்மோனியம். தோட்டத்துப் பஜனைக் குழுக்களில் கைமாறிக் கைமாறி வந்த பெட்டிகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. சாத்திரிய இசையறிஞர்கள் இதன் மீது சொல்லும் குறை நியாயமானது: சுரங்கள் கட்டைகளில் நிலையாக நிற்பதால் கமகத்துக்கு வழியில்லை. இதே காரணத்தை முன்வைத்து அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. அந்தக் குறையை ஏற்றுக்கொண்டு, கமகத்தை அதிகம் நம்பியிராத ராகங்களைத் தேர்ந்தால் ஆர்மோனியம் இந்தப் படத்துக்கு மிகவும் கைகொடுக்கும். மோகனத்தையும் சிவரஞ்சனியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஐந்து சுர ராகங்கள். சட்சம், சதுசுருதி ரிசபம், பஞ்சமம், சதுசுருதி தைவதம் ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது. மோகனத்தில் அந்தர காந்தாரம், சிவரஞ்சனியில் சாதாரண காந்தாரம் என்ற ஒரே வேறுபாடுதான். ஆகவே பாட்டி காலையில் தேநீர் வைக்கும் காட்சியில் நான்கு வரி மெட்டு ஒன்றை மோகனத்தில் மலர்ச்சியாக, குறையில்லாத ஒரு காலைக்கு உரியதாக வாசித்துவிட்டு, வீட்டைப் பூட்டும் காட்சியில் அதே மெட்டை ஒரு கட்டை இறக்கிய காந்தாரத்துடன் வாசித்தால், பார்வையாளர் அந்த மெட்டை அடையாளம் கண்டுகொள்வார். ஏதோ ஒன்று போய்விட்டது என்பதையும், எது என்று சொல்லத் தெரியாமலே, உணர்ந்துகொள்வார். முதல் காட்சியிலேயே அழுதுவிடும் இசைக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதே இல்லை.

கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. படம் விநாடிக்கு 25 பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு 25 பிரேம் ஆகும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் (தட்டு) கொண்ட ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, எட்டு விநாடி எடுக்கும். பாட்டி பலகைச் சன்னலைச் சாத்துவதிலிருந்து லோரி புறப்படும் வெட்டு வரை 43 விநாடி. அதே நடையில் ஐந்து ஆவர்த்தனம் 40 விநாடியில் முடிந்து மூன்று விநாடி வெறுமையாக நிற்கும். நடையை 56 தட்டாகத் தளர்த்தினால் ஐந்தாவது ஆவர்த்தனத்தின் முடிவு வெட்டிலிருந்து மூன்று நான்கு பிரேமுக்குள் வந்துவிடும். அந்தச் சிறு இடைவெளியை வாசிப்பவரின் கையே சரிசெய்துவிடும். காதில் தட்டு ஒலிக்கக் கேட்டுக்கொண்டே வாசிப்பது பஜனையில் பழகியவருக்குச் சிரமமாக இருக்குமானால், திரையில் காட்சியை ஓடவிட்டு அதைப் பார்த்தபடியே வாசிக்கச் சொல்லலாம். 1957 டிசம்பரில் பாரிஸ் நகரில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இயக்குநர் லூயி மாலின் படத்துக்கு அப்படித்தான், ஓடும் காட்சிகளைப் பார்த்தவாறே தம் குழுவினருடன் கற்பனையாக வாசித்தார். முன்கூட்டியே எழுதிய மெட்டின் எலும்புக்கூடு கையில் இருக்கட்டும். எந்த இடத்தில் மூச்சுவிடுவது என்பதை மட்டும் படத்தைப் பார்த்துக் கலைஞரே முடிவு செய்யட்டும்.

ஐந்தாவது வழி, இசையே இல்லாமல் இடத்தின் ஒலிகளை மட்டும் கொண்டு படத்தைக் கட்டுவது. இது வறுமையான வழி என்று நினைக்க வேண்டாம். ஹிட்ச்காக் 1963இல் வெளியிட்ட, பறவைகள் மனிதரைத் தாக்கும் படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. மின்கருவியில் உருவாக்கிய பறவையொலிகளும் மௌனமும் சேர்ந்தே அச்சத்தை எழுப்புகின்றன. நம் தோட்டத்தின் ஒலிகளோ எந்த மின்கருவியும் இல்லாமலே நிறைந்து கிடக்கின்றன. பெரட்டுக்கு (தொழிலாளரின் காலை அணிவகுப்புக்கு) அழைக்கும் சங்கு, கித்தாக்காட்டில் (ரப்பர் காட்டில்) வெயில் ஏறியதும் முற்றிய காய்கள் படீரென்று வெடித்து விதைகள் சருகில் விழும் ஓசை, சில்வண்டுகளின் விடாத ரீங்காரம், தகரக் கூரையில் மழை தொடங்கும் முதல் சில துளிகள் ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் செம்பனையாக மாறிய தோட்டங்களில் அவற்றில் பாதி இல்லை என்பதையும் அறிவார்கள். எனவே இந்த ஒலிகளைப் பதிவு செய்வதை ஒரு கடமையாகவே நான் கருதுகிறேன். இந்த வழிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்திராத பார்வையாளருக்குக் காய் வெடிக்கும் ஓசை எதையும் நினைவூட்டாது. வீட்டைப் பூட்டும் காட்சியில் அவருக்கும் ஒரு கைப்பிடி தேவை.

ஆகவே என் தேர்வு மூன்று வழிகளின் சேர்க்கை: படம் முழுவதும் அடித்தளமாக இடத்தின் ஒலிகள், அவற்றின் மேல் காலையில் ஒரு முறையும் பூட்டும்போது ஒரு முறையும் ஆர்மோனியம், சான்றிதழ்க் காட்சியில் உறுமியின் தேய்ப்பு, கோயிலைக் கடக்கும்போது தொலைவில் நாகசுரம். மொத்தம் மூன்று நிமிடத்துக்கும் குறைவான இசை. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு இது போதாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு, இசையில்லாப் பிரதியை மறுபடியும் ஒருமுறை பார்க்கும்படி வேண்டுவேன்.

பதிவு வேலைக்கு ஈப்போவிலுள்ள கூடத்தை வாடகைக்கு எடுப்பதா, ஊரிலேயே செய்வதா என்ற கேள்வியும் இருக்கிறது. மூன்று கலைஞர்களும் இங்கேயே இருப்பதால் ஊரிலேயே செய்வது நல்லது. ஆனால் தகரக் கூரையுள்ள கட்டடத்தில் பிற்பகலுக்குப் பின் பதிவு வைத்தால் மழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். காலை வேளையில், மின்விசிறியை அணைத்து, துணிமணிகள் நிறைந்த அறையில் ஆர்மோனியத்தைப் பதிவு செய்யலாம். துருத்தியின் மூச்சொலி பதிவில் விழுந்தால் விழட்டும், அது இந்தப் படத்துக்கு உரியதே. நாகசுரத்தை அறைக்குள் கொண்டுவர வேண்டாம். கோயில் முன்றிலில், ஒலிவாங்கியைப் பல அடி தள்ளி வைத்துப் பதிவு செய்தால் தொலைவு என்ற உணர்வு தானாக வந்துவிடும். எல்லாப் பதிவும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் இருக்கட்டும், இசைத்தட்டுக்குரிய 44.1 அளவில் பதிவு செய்துவிட்டுப் பிறகு மாற்றுவது தேவையற்ற வேலை. உறுமிக் கலைஞர்களைத் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் தொந்தரவு செய்யக் கூடாது. திருமணங்கள் நடைபெறாத மார்கழியில், காலைப் பூசை முடிந்தபின் நாகசுரக் கலைஞருக்குப் பகல் வேளை கிடைக்கும். மூவருக்கும் கோயில் நிகழ்ச்சிக்குக் கொடுப்பதற்குக் குறையாத சன்மானம் கொடுப்பதும், பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவரின் பெயரையும் வாத்தியத்தோடு சேர்த்துக் குறிப்பிடுவதும் கட்டாயம்.

கலவை முடிந்ததும் பாலாய் ராயாவின் (ஊர்ப் பொது மண்டபத்தின்) ஒலிபெருக்கியிலும் ஒரு சாதாரணக் கைப்பேசியிலும் படத்தை முழுவதுமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இந்தப் படத்தைக் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அதன் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசைகளைப் பெரும்பாலும் தராது. உறுமியின் தேய்ப்பு அங்கே அடியோடு மறைந்துவிட்டால், ஒலி அளவைக் கூட்டி அதை மீட்க முயல்வதைவிட, தோலை இன்னும் சற்று இறுக்கி உயர்ந்த சுருதியில் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கலைஞரைக் கேட்டுக்கொள்வதே சரியாக இருக்கும்.